பிறந்த குழந்தையும் தலையெழுத்தும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பிறந்த குழந்தையைப் பற்றியதாகும். கடவுள், மதம், ஜாதி என்று பேசுகிற சுயமரியாதைக்காரர்கள் இன்றைக்கு மருத்துவச்சி வேலைக்கு வந்துவிட்டார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். இம்மூன்றும் மனிதன் தலையில் முதன்முதலாக ஏற்றப்படுகிற இடம் எது? கோயிலா? மடமா? இல்லை, தொட்டில்தான். குழந்தை வெளியில் வந்து அழுவதற்குள் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒருவர் நட்சத்திரம் என்ன என்கிறார். ஒருவர் ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டு, பெண்ணென்றால் முகத்தைச் சுளிக்கிறார். அக்குழந்தைக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, கைகால்கள் இரண்டு பக்கமும் சரியாக அசைகின்றனவா என்று கேட்கிறவர் எத்தனை பேர்? பிறந்த நிமிஷத்தைப் பார்க்கிறோமே ஒழிய, பிறந்த குழந்தையைப் பார்ப்பதில்லை. இதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

நாம் வைத்தியப் படிப்புப் படித்துவிட்டு வந்து பேசவில்லை. படித்தவர்கள் சோதித்து எழுதி வைத்ததைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையே சொல்லுகிறோம். அதையும் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நம்பவேண்டியதில்லை. உங்கள் வீட்டிலேயே குழந்தை இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

தலையெழுத்து

முதலில் தலையெழுத்தை எடுத்துக்கொள்வோம். மண்டை ஓட்டைப் பார்த்தால் கோணல்மாணலாகக் கோடுகள் ஓடுவதைக் காணலாம். அதுதான் பிரமன் எழுதிய எழுத்து என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். படிக்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லாத எழுத்து அது! அந்தக் கோடுகள் உண்மையில் என்ன? மண்டை ஒரே எலும்பல்ல. பல எலும்புத் தகடுகள் சேர்ந்தது. அவற்றின் பொருத்துவாய்களே அந்தக் கோடுகள். பிறக்கும்போது அவை ஒட்டாமல் இருப்பதால்தான், குறுகிய வழியில் வரும் தலை தகடுமேல் தகடு சற்று ஏறி நெகிழ்ந்துகொடுத்து வெளியே வர முடிகிறது. பிறந்தபின் மூளை வளர வேண்டும். பிறக்கும்போது அது வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறக்குறைய கால் பங்குதான். முதல் ஓராண்டிலேயே சுமார் இரண்டு மடங்காகிறது. அந்த வளர்ச்சிக்கு இடம் விட்ட சந்துதான் உச்சிக்குழியும் அந்தக் கோடுகளும். எது இனிமேல் வளருவதற்காகத் திறந்துவைக்கப்பட்டதோ, அதையே "எல்லாம் எழுதி முடிந்துவிட்டது" என்பதற்கு அத்தாட்சியாகக் காட்டினார்கள் என்றால், இதைவிடத் தலைகீழான வியாக்கியானம் வேறென்ன இருக்க முடியும்?

பேசாத பிள்ளையைக் கேட்ட விதம்

பிறந்த குழந்தைக்குக் கண் தெரியாது, காது கேளாது, அது வெறும் மாமிசப் பிண்டம் என்றே வெகுகாலம் ஜனங்கள் நினைத்தார்கள். படித்தவர்களிலும் பலர் அப்படியே நினைத்தார்கள். பேச முடியாத குழந்தையிடம் "உனக்கு என்ன தெரிகிறது?" என்று எப்படிக் கேட்பது? நம் ஊரிலானால் குறிசொல்லுகிறவனைக் கேட்டிருப்பார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் குழந்தையையே கேட்க வழி கண்டுபிடித்தார்கள்.

அமெரிக்காவில் ராபர்ட் பான்ட்ஸ் என்பவர், பிறந்து ஐந்து நாளுக்குள்ளான குழந்தைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சில தட்டுகளைக் காட்டினார். ஒன்றில் முகம் போன்ற படம், ஒன்றில் வட்டங்கள், ஒன்றில் அச்செழுத்து, மற்றவை வெறும் நிறம் பூசியவை. எதைக் குழந்தை அதிக நேரம் பார்க்கிறது என்று கணக்கெடுத்தார். உருவம் உள்ள தட்டுகளை, முக்கியமாக முகத்தை, வெறும் தட்டுகளைவிட அதிக நேரம் பார்த்தன. இதை 1963-ல் வெளியிட்டார். ஆகவே குழந்தைக்குக் கண் தெரிகிறது. ஆனால் மங்கலாகத் தெரிகிறது. 8 அங்குலம் முதல் 12 அங்குலம் வரையில் உள்ளதுதான் ஒருவாறு புலப்படும். அது என்ன தூரம்? மடியில் கிடந்து பால் குடிக்கும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரம்தான்.

காதைக் கேட்ட விதம் இன்னும் வேடிக்கையானது. 1980-ல் டிகாஸ்பர், பைபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாளுக்குள்ளான பத்துக் குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒருவிதமாக விட்டுவிட்டுச் சப்பினால் தாயின் குரல் கேட்கும். வேறுவிதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகளில் பெரும்பாலானவை தாயின் குரல் கேட்கும்படியாகத் தாங்கள் சப்புகிற விதத்தை மாற்றிக்கொண்டன.

உடனே சிலர், "பார்த்தீர்களா, இரத்தபாசம்!" என்பார்கள். அப்படியானால் தகப்பனும் இரத்தம்தானே? 1984-ல் தகப்பன் குரலை வைத்துச் சோதித்தபோது, குழந்தைகள் அதை அந்நிய ஆண் குரலைவிட மேலாக விரும்பியதாகத் தெரியவில்லை. காரணம் இரத்தமல்ல, பழக்கம். கர்ப்பத்திலேயே கடைசி மூன்று மாதங்களில் குழந்தைக்குக் காது கேட்கிறது. இரவும் பகலும் கேட்டது தாயின் குரல். பழகிய குரலை நாடுகிறது. "ரத்தத்திலேயே ஊறிய குணம்" என்று ஜாதிக்கும் குலத்துக்கும் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இதைக் கேட்டதும் பௌராணிகர் ஓடிவருவார். "கர்ப்பத்தில் காது கேட்கும் என்பதை எங்கள் புராணம் அன்றே சொல்லவில்லையா? பிரகலாதன் நாரதர் உபதேசம் கேட்கவில்லையா? அபிமன்யு சக்கரவியூகம் கேட்கவில்லையா?" என்பார். ஐயா, குழந்தை கேட்பது குரலையும் இழுப்பையும் ஏற்றத்தாழ்வையும்தான், அர்த்தத்தை அல்ல. 1986-ல் செய்த சோதனையில், கர்ப்பிணிகள் கடைசி ஆறு வாரம் தினம் இரண்டு தடவை ஒரு கதையை உரக்கப் படித்தார்கள். பிறந்த குழந்தைகள் வேறொரு பெண் படித்தபோதுகூட அந்தக் கதையையே அதிகமாக நாடின. கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. எந்தத் தாய் எந்தப் பாஷையில் பேசினாலும் இதுவே நடக்கும். இதற்கு நாரதரும் வேண்டியதில்லை, அர்ச்சுனனும் வேண்டியதில்லை.

மூக்கு எப்படி? 1975-ல் ஆக்ஸ்போர்டில் மக்பார்லேன் என்பவர், தாய்மார்கள் மார்பில் வைத்திருந்த துணியைக் குழந்தையின் முகத்துக்கு ஒரு பக்கமும், வேறு தாயின் துணியை மறுபக்கமும் வைத்தார். இரண்டாம் நாளில் குழந்தை வித்தியாசம் காட்டவில்லை. ஆறு நாள் ஆனதும் தன் தாயின் துணிப் பக்கமே அதிகமாகத் திரும்பியது. ஆறே நாளில் ஒரு பாடம் படித்துவிட்டது!

நாக்கு எப்படி? 1970-களில் ஸ்டைனர் என்பவர், இன்னும் பாலே குடிக்காத குழந்தைகளின் நாக்கில் துளித்துளியாகத் தித்திப்பு, புளிப்பு, கசப்பு வைத்துப் பார்த்தார். தித்திப்புக்கு முகம் மலர்ந்தது; புளிப்புக்கு உதடு குவிந்தது; கசப்புக்கு வாய் கோணித் துப்பப் பார்த்தது.

சேனையும் சீம்பாலும்

இனி நம் வீட்டுக்கு வருவோம். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு நாக்கில் வைக்கிறோம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்று சொல்லி, குடும்பத்தில் பெரிய மனிதராகப் பார்த்து அழைக்கிறோம். குழந்தை சப்புக்கொட்டுகிறது. "ஆகா, தாத்தா கை பிடித்துவிட்டது" என்கிறோம். தாத்தா கையுமில்லை, குணமுமில்லை. தித்திப்பு வைத்தால் எந்த நாக்கும் சப்புக்கொட்டும். வைத்தவர் குணம் வருமென்றால், கடன்காரனான தாத்தாவின் கடனும் கூடவே வந்திருக்க வேண்டாமா?

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமுமல்ல. தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கக்கூடும். அது சிறு குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கித் தசைகளை முடக்கிவிடும். ஆகையால் ஒரு வயது முடியும் வரை தேன் கொடுக்கவே கூடாது. சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் வயிற்றை நிரப்பி, நோயைக் கொண்டுவந்து, தாய்ப்பாலைத் தள்ளிப்போடுகின்றன. மஞ்சளாய்க் கெட்டியாய் முதலில் வருகிற சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுகிறார்கள். நோயை எதிர்க்கும் சத்து நிறைந்திருப்பது அதில்தான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. குழந்தையும் அதைத்தான் சொல்லுகிறது. சுவீடன் தேசத்தில் பிறந்த குழந்தையைத் தாயின் வயிற்றின்மேல் போட்டு, தொந்தரவு செய்யாமல் விட்டுப் பார்த்தார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே ஊர்ந்து மார்பைத் தேடிப் பற்றியது. இது 1990-ல் வெளிவந்தது. குழந்தைக்கு வழி தெரிகிறது. நாம்தான் குறுக்கே சர்க்கரைக் கிண்ணத்தோடு நிற்கிறோம்.

திடுக்கிடுவதும் தாயத்தும்

இப்போது குழந்தையின் அசைவுகளைப் பார்ப்போம். பாத்திரம் விழுந்த சப்தம் கேட்டாலோ, தலை சற்றுத் தொய்ந்தாலோ, பச்சைக் குழந்தை இரண்டு கைகளையும் விரித்து, பிறகு கட்டிப்பிடிப்பதுபோல் சேர்த்துக்கொண்டு அழும். "காற்று கருப்பு அண்டிவிட்டது, பிள்ளை பயந்துவிட்டது" என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வேப்பிலை அடித்து, திருநீறு போட்டு, தாயத்துக் கட்டி, காணிக்கை வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். இதற்கு மோரோ அனிச்சைச் செய்கை என்று பெயர். அதாவது, யோசித்துச் செய்யாமல் தானாகவே நடக்கிற செய்கை. ஜெர்மனி தேசத்தில் வேலைபார்த்த குழந்தை வைத்தியர் எர்ன்ஸ்ட் மோரோ 1918-ல் இதை விவரித்து எழுதினார். எல்லாக் குழந்தைகளுக்கும் இது இருக்கும். நாலு முதல் ஆறு மாதத்துக்குள் தானாகவே மறையும்.

இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், இது இருக்கிறதா என்று வைத்தியர் வேண்டுமென்றே சோதித்துப் பார்க்கிறார். இருந்தால் சந்தோஷப்படுகிறார். இல்லாவிட்டால்தான் கவலைப்படுகிறார். ஒரு கை மட்டும் விரிந்து மற்றொரு கை அசையாவிட்டால், பிரசவத்தில் காறையெலும்பு முறிந்ததோ, நரம்பு அடிபட்டதோ என்று பார்க்கிறார். சுகத்துக்கு அடையாளமான ஒன்றுக்குத் தாயத்துக் கட்டுகிறோம்! அது ஆறாம் மாதத்தில் மறைந்ததும் "தாயத்து வேலைசெய்தது" என்று பெயர் தாயத்துக்குப் போகிறது. கட்டாத பிள்ளைக்கும் மறைந்ததை யாராவது கவனித்தோமா?

உள்ளங்கையில் விரலை வைத்தால் குழந்தை இறுகப் பிடித்துக்கொள்வதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1891-ல் இங்கிலாந்தில் லூயிஸ் ராபின்சன் என்ற வைத்தியர், அறுபதுக்கு மேற்பட்ட பச்சைக் குழந்தைகளைச் சோதித்தார். ஏறக்குறைய எல்லாமே ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு குறைந்தது பத்து வினாடி தங்கள் உடல் பாரத்தைத் தாங்கித் தொங்கின. தாய்மார்களே, இதை வீட்டில் செய்து பார்க்கவேண்டாம்! தாயின் ரோமத்தைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டிக்கும் நமக்கும் உள்ள உறவுக்கு இதையும் ஓர் அடையாளமாகக் காட்டினார்கள். பிரமன் முகத்திலிருந்தும் தோளிலிருந்தும் தொடையிலிருந்தும் காலிலிருந்தும் தனித்தனியாக வந்த நாலு ஜாதிக்கும் இந்தப் பிடி ஒன்றுபோலவே இருப்பது எப்படி என்று புரோகிதரைத்தான் கேட்கவேண்டும்.

தூக்கத்தில் குழந்தை சிரித்தால் சாமி விளையாட்டுக் காட்டுகிறது என்கிறோம்; சிணுங்கினால் நரி விரட்டுகிறது என்கிறோம். பச்சைக் குழந்தை ஒரு நாளில் சுமார் 16 மணி நேரம் தூங்குகிறது. அதில் ஏறக்குறைய பாதி, மூடிய இமைக்குள் விழி உருண்டுகொண்டும், முகமும் கைகாலும் துடித்துக்கொண்டும் இருக்கிற தூக்கம். அப்போது வருவதே அந்தச் சிரிப்பும் சிணுங்கலும். நம்மைப் பார்த்து நமக்காகச் சிரிக்கிற சிரிப்பு சுமார் ஆறு வாரத்தில் வரும். அதற்காகக் காத்திருப்பதே போதுமான ஆனந்தம். சாமியும் நரியும் எதற்கு?

படித்தவர்களும் தப்பினார்கள்

தோழர்களே! பாமர ஜனங்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் அது யோக்கியமாகாது. பட்டம் பெற்ற வைத்தியர்களே பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று வெகுகாலம் எண்ணினார்கள். 1980-கள் வரையில் மேல்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே பச்சைக் குழந்தைகளுக்குப் போதுமான மயக்க மருந்தோ வலி மருந்தோ இல்லாமல் இரண சிகிச்சை செய்திருக்கிறார்கள். அசையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். வலி தெரியாமலிருக்கக் கொடுக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் ஆனந்த் என்ற இந்திய வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும், வலி மருந்து கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டு, இரத்தத்தைச் சோதித்து, கொடுக்காத குழந்தைகள் அதிகமாகத் தத்தளிப்பதையும், பின்னால் அதிகத் தொல்லைக்கு உள்ளாவதையும் 1987-ல் காட்டினார்கள். வைத்திய உலகம் வழக்கத்தை மாற்றிக்கொண்டது.

இன்னொன்றும் சொல்லுகிறோம். நாக்கை நீட்டிக் காட்டினால் பச்சைக் குழந்தையும் பார்த்து நாக்கை நீட்டும் என்று 1977-ல் மெல்ட்ஸாப், மூர் என்ற இருவர் எழுதினார்கள். எல்லாப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. 2016-ல் ஆஸ்திரேலியாவில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைத் திரும்பத்திரும்பச் சோதித்து, அப்படிப் பார்த்துச் செய்வதாகத் தெரியவில்லை என்று மறுத்தார்கள். இன்னும் வாதம் நடக்கிறது. யாரும் மறுத்தவரை நாஸ்திகன் என்று ஊர்விலக்கம் செய்யவில்லை. ரௌரவாதி நரகத்துக்குப் போவாய் என்று சபிக்கவுமில்லை. அறிவுக்கும் வேதத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அறிவு தப்பலாம், தப்பினால் திருத்திக்கொள்ளும். வேதம் தப்பினாலும் திருத்தக்கூடாது என்பது சட்டம்.

மேல்நாட்டான் திருத்திக்கொண்டான், நாம் என்ன செய்தோம்? இழுப்பு வந்தாலும், மஞ்சள் காமாலை வந்தாலும், வயிறு உப்பினாலும் பச்சைக் குழந்தையின் உடம்பில் சூடு போடுகிற கொடுமை நம் தேசத்தில் இன்னும் அடியோடு ஒழியவில்லை. அதற்கு வலிக்கும், தோழர்களே! நமக்கு எப்படி வலிக்குமோ அப்படி வலிக்கும். சொல்ல வாயில்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசமில்லை.

நாம் செய்யவேண்டியது

ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை காது கேளாமல் பிறக்கின்றன. நம் நாட்டில் மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். தூங்குகிற குழந்தையின் காதில் சிறு கருவி வைத்துச் சில நிமிஷங்களில் இதைச் சோதிக்கலாம். ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் நிச்சயப்படுத்தி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பேச்சு வரப் பெரிதும் வழியுண்டு. கண்மணியில் வெள்ளையாகத் தெரிந்தால் பிறவிப் புரையாக இருக்கலாம்; அதை வாரக்கணக்கில் கவனிக்கவேண்டும், வருஷக்கணக்கில் அல்ல. "பூர்வ ஜென்ம பாவம், குலதெய்வத்துக்கு மொட்டை போட்டால் சரியாகும்" என்று மூன்று வயதுவரை காத்திருந்தால், அந்தக் குழந்தையை ஊமையாகவோ குருடாகவோ ஆக்கியது பூர்வ ஜென்மமல்ல; இந்த ஜென்மத்துத் தாய்தகப்பனின் மூடநம்பிக்கைதான். பிறந்த குழந்தைகளையும் மற்றச் சிறுவர்களையும் சோதித்துச் சிகிச்சைக்கு அனுப்பவென்றே இந்திய சர்க்கார் 2013-ல் ஒரு திட்டம் தொடங்கியது. காசில்லை என்று சொல்லவும் இடமில்லை. ஜாதகத்துக்குக் கொடுக்கிற காசில் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டிச் சத்தம் கொடுக்கலாம்.

பெண் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை.  பெண் குழந்தையும் தாயின் குரலைத் தேடுகிறது, விரலைப் பிடிக்கிறது, வலித்தால் அழுகிறது. அப்படிப்பட்ட உயிரைக் கொல்லாமலிருக்க, "எங்களிடம் கொண்டுவந்து போட்டுவிடுங்கள்" என்று 1992-ல் இந்தத் தமிழ்நாட்டில், சேலத்தில், சர்க்கார் தொட்டில் வைக்க நேர்ந்தது. கள்ளிப்பாலைப் பற்றிப் பேசவே நமக்கு நாக்கூசுகிறது. விரலைப் பிடித்த கையை உதறிவிட்டு எந்த மோட்சத்துக்குப் போகப் பிள்ளை கேட்கிறோம்?

ஆகையால் தோழர்களே! அடுத்த முறை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குழந்தை பிறந்தால், சோதிடன் வீட்டுக்குப் போகிற காலை நிறுத்தி, குழந்தையிடம் போங்கள். ஓர் அடிக்குள் முகத்தைக் கொண்டுபோய்ப் பேசுங்கள். விரலைக் கொடுத்துப் பாருங்கள். சப்தத்துக்குத் திடுக்கிடுகிறதா என்று கவனியுங்கள். திடுக்கிட்டால் சந்தோஷப்படுங்கள், இல்லாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். அது ஜாதி தெரியாமல், மதம் தெரியாமல், கடவுள் தெரியாமல், ஆனால் கற்றுக்கொள்ளச் சகல தயாரிப்போடும் வந்திருக்கிறது. அதன் தலையில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. இனி எழுதப்போவது நாம்தான். நல்லதாக எழுதுவோம்.